மாத்திரை போட்டும் இரத்தம் ஏறவில்லை: மலையகத் தோட்டமொன்றிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

கொழுந்து பறிக்கும் ஒரு பெண். மூன்று மாதமாக இரும்புச்சத்து மாத்திரை, காலையில் ஒன்று, இரவில் ஒன்று. தொடங்கும்போது ஹீமோகுளோபின் டெசிலீற்றருக்கு 8.9 கிராம் (பெண்களுக்கு எல்லை 12). மூன்று மாதம் முடிந்த பிறகு 9.1. எங்களிடம் வரும் முன் அவரைப் பார்த்த இடத்தில் அட்டையில் ஒரே வரிதான் எழுதியிருந்தார்கள்: ‘மாத்திரையை ஒழுங்காக எடுப்பதில்லை.’

அந்த வரி தவறு. அவர் மாத்திரையை ஒழுங்காகத்தான் எடுத்திருக்கிறார். வெறும் மாத்திரைக் கார்டுகளை எல்லாம் ஒரு பையில் போட்டுக் கொண்டு வந்திருந்தார். மலம் கறுப்பாகப் போகிறதா என்று கேட்டேன். “கரியாட்டம் போகுது டொக்டர்” என்றார். மாத்திரை வயிற்றுக்குள் போகிறது என்பதற்கு அதுவே போதுமான சாட்சி. உடம்பில் ஏறாத இரும்புதான் மலத்தைக் கறுப்பாக்குகிறது. அப்படியென்றால் வாய்க்கும் இரத்தத்துக்கும் நடுவில் எங்கோ தடை இருக்கிறது. மலையகத்தில் இப்படி எத்தனையோ பெண்கள் திட்டு வாங்கிக்கொண்டு வீடு திரும்புகிறார்கள் என்பதால், இந்த ஒருவருடைய கதையை அவருடைய சம்மதத்தோடு முழுமையாக எழுதுகிறேன். பெயரும் தோட்டத்தின் பெயரும் வேண்டாம்.

நோயாளி

வயது 34. தலவாக்கலைப் பக்கம், ஏறத்தாழ 1200 மீற்றர் உயரத்தில் இருக்கும் தோட்டமொன்றில் கொழுந்து பறிப்பவர். எடை 42 கிலோ. மூன்று பிள்ளைகள், கடைசிப் பிள்ளைக்கு இரண்டு வயது. அந்தப் பிரசவத்துக்குப் பிறகு லூப் (கருப்பைக்குள் வைக்கும் கருத்தடைச் சாதனம்) போட்டிருக்கிறார்.

“ஏத்தத்துல நடக்க ஏலாது டொக்டர். கொழுந்து நிறுக்கப் போறதுக்குள்ள மூச்சு வாங்குது, நெஞ்சு படபடன்னு அடிக்குது. முந்தி எல்லாருக்கும் முன்னால போவேன்.”

இரவில் கால் உளைச்சல், தூக்கம் சரியில்லை. வாய் ஓரம் வெடிப்பு. கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தால் உள்ளே வெளிறியிருந்தது. கொழுந்து பறிப்பவர்களின் பெருவிரலும் ஆட்காட்டி விரலும் தேயிலைக் கறையேறி இருக்கும், அந்த நகங்களில் ஒன்றும் தெரியாது. ஆகவே மோதிர விரலையும் சின்ன விரலையும் பார்க்க வேண்டும். இவருக்கு அந்த நகங்கள் நடுவில் குழிந்திருந்தன.

அப்புறம் ஒரு கேள்வி. அதைக் கேட்டால்தான் பதில் வரும், தாமாக யாரும் சொல்ல மாட்டார்கள். அரிசி, மண், சாம்பல் என்று ஏதாவது தின்னத் தோன்றுகிறதா? கொஞ்ச நேரம் தலையைக் குனிந்திருந்தார். பிறகு, “மடியில கொஞ்சம் பச்சரிசி முடிஞ்சு வச்சிருப்பேன். மலையில நின்னு மெல்லுவேன். மாமியாருக்குத் தெரிஞ்சா ஏசுவாங்க” என்றார்.

இது கெட்ட பழக்கம் இல்லை. இரும்பு மிகவும் குறைந்தவர்களிடம் உணவல்லாத பொருள்கள் மீதும், சமைக்காத அரிசி மீதும், ஐஸ்கட்டி மீதும் அடக்க முடியாத ஆசை வருவது நன்றாக அறியப்பட்ட ஓர் அறிகுறி. இதை அவரிடம் சொன்னபோது, மற்ற எதையும் விட இதுதான் அவருக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

பரிசோதனைகள்

செங்குருதிக் கலங்களின் எண்ணிக்கை மைக்ரோலீற்றருக்கு 42 இலட்சம், கலத்தின் சராசரிக் கனவளவு 68 ஃபெம்டோலீற்றர் (80க்கு மேல் இருக்க வேண்டும்). அதாவது கலங்கள் சிறுத்து, வெளிறிப் போயிருக்கின்றன. இலங்கையில் கலம் சிறுத்திருந்தால் தலசீமியா சாயலையும் (பரம்பரையாக வரும் ஹீமோகுளோபின் குறைபாட்டின் இலேசான வடிவம்) நினைக்கத்தான் வேண்டும். ஆனால் அந்தச் சாயல் உள்ளவர்களில் பொதுவாகக் கலங்களின் எண்ணிக்கை கூடியிருக்கும், இவரில் அப்படி இல்லை. உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் புரதமான ஃபெரிட்டின் லீற்றருக்கு 6 மைக்ரோகிராம். வளர்ந்தவர்களில் 15க்குக் கீழே போனாலே சேமிப்பு தீர்ந்துவிட்டது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. உடலில் அழற்சி இருந்தால் ஃபெரிட்டின் பொய்யாக உயர்ந்து காட்டும். இவரில் அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. சாதாரணமாகவே இருந்தது. மலப் பரிசோதனையில் கொக்கிப்புழு முட்டை இல்லை. தோட்டங்களில் இதைப் பார்க்காமல் விடக்கூடாது, கொக்கிப்புழு குடலில் ஒட்டிக்கொண்டு நாள்தோறும் இரத்தம் குடிப்பது.

ஆக, இது இரும்புக் குறைபாட்டுச் சோகைதான், சந்தேகமில்லை. மருந்தும் சரியான மருந்துதான். பிறகு ஏன் ஏறவில்லை?

ஒரு நாள் சாப்பாடு

காலையில் எழுந்ததிலிருந்து படுக்கும் வரை வாயில் போவது எல்லாவற்றையும் நேரத்தோடு சொல்லச் சொன்னேன். நாலரைக்கு எழுந்ததும் தேத்தண்ணி. வேலைக்குப் போகும் முன் ரொட்டியும் சம்பலும், மறுபடி தேத்தண்ணி, அதோடு மாத்திரை. பத்து மணிக்கு மலையில் தேத்தண்ணி, மிச்ச ரொட்டி. பகல் சோறு, பருப்பு, ஏதாவது கீரை, கையோடு தேத்தண்ணி. வேலை விட்டு வந்ததும் தேத்தண்ணி. இரவு சோறோ ரொட்டியோ, படுக்கும் முன் மாத்திரையும் தேத்தண்ணியும்.

“மாத்திரைய ஏன் தேத்தண்ணியோட போடுறீங்க அக்கா?”

“பச்சத்தண்ணில போட்டா கொமட்டுது டொக்டர். அந்த இரும்பு வாட போகாது. சீனி போட்ட சுடு தேத்தண்ணின்னா எறங்கிரும்.”

அவர் சொன்னதில் ஞாயம் இருக்கிறது. குமட்டலால் மாத்திரையை நிறுத்தாமல், தொடர்ந்து விழுங்க ஒரு வழியைத்தான் கண்டுபிடித்திருக்கிறார்.

அங்கேயே ஒரு சின்னச் சோதனை செய்து காட்டினேன். ஒரு மாத்திரையின் மேற்பூச்சைக் கழுவி, பொடித்து, சுடுதண்ணீரில் கரைத்தேன். ஒரு கிளாஸ் வெறும் தேத்தண்ணி வரவழைத்து அதில் இந்தக் கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டேன். சிவந்திருந்த தேத்தண்ணி கருநீலமாகி, பிறகு கன்னங்கரேலென்று ஆனது. பழைய காலத்து எழுத்து மை தயாரித்தது இதே வேதியியலில்தான்: துவர்ப்பான தாவரச் சாறும் இரும்பு உப்பும். தேயிலையின் துவர்ப்புக்குக் காரணமான பாலிஃபீனோல்கள் இரும்பைப் பிடித்துக்கொண்டு, குடலால் உறிஞ்ச முடியாத ஒன்றாக மாற்றிவிடுகின்றன. அவர் கிளாஸைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார்.

தேத்தண்ணி இரும்பைத் தடுக்கிறது என்பது புதிய செய்தி இல்லை. 1975இலேயே தென்னாப்பிரிக்க ஆய்வாளர்கள் அளந்து காட்டிவிட்டார்கள். 1999இல் வெளியான இன்னோர் ஆய்வில், பாண் உணவோடு சாயத் தேத்தண்ணி குடித்தவர்களில் இரும்பு உறிஞ்சல் 79 முதல் 94 சதவீதம் வரை குறைந்தது. பால் சேர்த்ததால் பெரிய வித்தியாசம் ஏற்படவில்லை. “பால் டீ குடிச்சா சரிதானே” என்று கேட்பவர்களுக்கு அதுவே பதில்.

இரும்புக்கு ஏன் இத்தனை காவல்

உப்பில் உள்ள சோடியம் கூடிவிட்டால் சிறுநீரகம் வெளியே தள்ளிவிடும். பொட்டாசியமும் அப்படித்தான். கல்சியம் குறைந்தால் பாராதைரொயிட் ஹோர்மோன் எலும்பிலிருந்து எடுத்துக் கொடுக்கும், சிறுநீரில் போவதைத் தடுக்கும், விற்றமின் டியைத் தூண்டிக் குடலிலிருந்து கூடுதலாக இழுக்கும். உடலின் கல்சியத்தில் 99 சதவீதம் எலும்பிலும் பல்லிலும் இருப்பதால், இரத்தத்தில் அளவு குறையாமல் பல வருடங்கள் ஓட்டலாம். இரும்பின் விஷயம் வேறு. கூடிப்போன இரும்பை வெளியேற்ற உடம்புக்கு எந்த வழியும் இல்லை. தோலும் குடல் உட்சுவரும் உதிரும்போது நாளுக்கு ஏறக்குறைய 1 மில்லிகிராம் போகும், அவ்வளவுதான். ஆகவே முழுக் கட்டுப்பாடும் உள்ளே நுழையும் இடத்தில்தான்.

காவல் தேவைதான். பிணைப்பு இல்லாமல் தனியாகத் திரியும் இரும்பு, ஹைட்ரஜன் பெரொக்சைட்டோடு சேர்ந்து கலங்களைச் சிதைக்கும் மூலிகங்களை உண்டாக்கும். கிருமிகளுக்கும் இரும்பு வேண்டும். அதனால் உடம்பு இரும்பைத் தனியாக விடுவதே இல்லை. இரத்தத்தில் டிரான்ஸ்ஃபெரின் என்ற புரதம் சுமந்து போகும், கலத்துக்குள் ஃபெரிட்டின் பூட்டி வைக்கும்.

நுழையும் இடம் முன்சிறுகுடல். மரக்கறி, தானியங்களில் உள்ள இரும்பு பெரும்பாலும் ஃபெரிக் வடிவத்தில் இருக்கும். அது ஃபெரஸ் வடிவத்துக்கு மாறினால்தான் குடற்கலத்துக்குள் ஏறும். வயிற்று அமிலமும் விற்றமின் சியும் அதற்குக் கைகொடுக்கின்றன. இறைச்சி, மீனில் உள்ள ஹீம் இரும்புக்கு இந்தச் சிரமம் குறைவு, அது வேறு பாதையில் போய்விடும், தேத்தண்ணியும் அதை அவ்வளவாகப் பாதிக்காது. குடற்கலத்துக்குள் ஏறிவிட்டால் மட்டும் இரத்தத்துக்கு வந்துவிட்டதாக ஆகாது. கலத்தின் மறுபக்கம் ஃபெரோபோர்ட்டின் என்ற ஒரே ஒரு கதவு இருக்கிறது. அது மூடியிருந்தால் இரும்பு கலத்துக்குள்ளேயே கிடந்து, சில நாட்களில் அந்தக் கலம் உதிரும்போது அதோடு சேர்ந்து மலத்தில் போய்விடும்.

அந்தக் கதவை மூடுவது ஹெப்சிடின், கல்லீரல் சுரக்கும் சின்ன ஹோர்மோன், 25 அமினோ அமிலங்கள் மட்டும் கொண்டது. இதைப் பற்றித் தெரியவந்தது 2000ஆம் ஆண்டை ஒட்டித்தான், மருத்துவத்தில் இது புதிய அறிவு. சேமிப்பு நிறைந்தால் ஹெப்சிடின் கூடும், கதவு மூடும். இரத்தம் போதாமல் எலும்பு மச்சை அவசரமாகக் கலங்களைத் தயாரிக்கும்போது ஹெப்சிடின் குறையும், கதவு திறக்கும். காய்ச்சல், தொற்று, அழற்சி வந்தால் கிருமிக்கு இரும்பு கிடைக்கக்கூடாது என்று உடம்பே கதவை மூடிவிடும். ஆகவே காய்ச்சல் நேரத்தில் விழுங்கும் இரும்பு மாத்திரையால் பயன் குறைவு.

இன்னொரு சங்கதி. அந்தக் கதவால் வெளிவரும் இரும்பை டிரான்ஸ்ஃபெரின் ஏற்க வேண்டுமானால் மறுபடியும் ஃபெரிக் வடிவத்துக்கு மாற்ற வேண்டும். அதைச் செய்யும் நொதியில் செம்பு இருக்கிறது. ஒரு தாதுவின் கணக்கு இன்னொரு தாதுவின் கையில் என்பது உடம்பில் அடிக்கடி காணும் விஷயம், எனக்கு இன்னும் வியப்பைத் தருவது.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம்

வளர்ந்த ஒருவரின் உடம்பில் மொத்த இரும்பு 3 முதல் 4 கிராம், பெண்களில் இன்னும் குறைவு. அதில் மூன்றில் இரண்டு பங்கு ஹீமோகுளோபினில். செங்குருதிக் கலம் 120 நாள் அளவு வாழும். பிறகு மண்ணீரல் அதை உடைத்து இரும்பை மீட்டெடுக்கும். புதுக் கலங்களுக்கு நாளொன்றுக்கு வேண்டிய 20 முதல் 25 மில்லிகிராம் கிட்டத்தட்ட முழுவதும் இந்த மீட்பிலிருந்துதான் வருகிறது. உணவிலிருந்து எடுப்பது 1 அல்லது 2 மில்லிகிராம் மட்டும்.

அந்த 1, 2 மில்லிகிராமில்தான் இவருடைய சிக்கல். லூப் போட்ட பிறகு மாதவிலக்கு கூடியிருந்தது. செம்பு லூப்பால் இப்படிக் கூடுவது தெரிந்த விஷயம்தான். எத்தனை நாள், எத்தனை துணி என்று கேட்டு நான் மதிப்பிட்டது மாதத்துக்கு 90 மில்லிலீற்றர் அளவு. ஹீமோகுளோபின் 9 உள்ள இரத்தத்தில் 1 மில்லிலீற்றருக்கு 0.3 மில்லிகிராம் இரும்பு. ஆக மாதம் 27, நாளுக்கு 0.9. வழமையான உதிர்வையும் 0.9 என்று வைத்துச் சேர்த்தால் நாளுக்கு 1.8 மில்லிகிராம் போகிறது.

வருவது? ரொட்டி, சோறு, பருப்பு, கீரையில் நாளுக்கு 10 மில்லிகிராம் இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், சாப்பாட்டுக்குச் சாப்பாடு தேத்தண்ணியோடு அதில் 5 சதவீதம் ஏறினாலே அதிகம். அது 0.5. நாள் பற்றாக்குறை 1.3. வருடத்துக்கு ஏறக்குறைய 470 மில்லிகிராம். ஒரு பெண்ணின் சேமிப்பே 300 மில்லிகிராம் அளவுதான். அதற்கு முன் மூன்று கர்ப்பங்கள், ஒவ்வொன்றுக்கும் 1 கிராம் அளவு இரும்பு தேவைப்பட்டிருக்கும்.

இப்போது மாத்திரையைப் பாருங்கள். 200 மில்லிகிராம் ஃபெரஸ் சல்பேட்டில் இரும்பு 65 மில்லிகிராம். இரண்டுக்கு 130. சாயம் கெட்டியான தேத்தண்ணியோடு அதில் 1 சதவீதம் மட்டும் ஏறியிருந்தால் 1.3 மில்லிகிராம். பற்றாக்குறை எவ்வளவோ சரியாக அவ்வளவு. 8.9 ஏன் கீழேயும் போகாமல் மேலேயும் வராமல் 9.1இல் நின்றது என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் எனக்குத் தோன்றவில்லை. எண்கள் மதிப்பீடுதான். ஆனால் அவர் பொய் சொல்லவில்லை என்று காட்ட இந்தக் கணக்கு போதும்.

என்ன மாற்றினோம்

மருந்தைக் கூட்டவில்லை, குறைத்தோம். ஒருநாள் விட்டு ஒருநாள், ஒரே ஒரு மாத்திரை. ஒரு நாள் பெரிய அளவு இரும்பு எடுத்தால் ஹெப்சிடின் உயர்ந்து மறுநாள் வரை கதவைப் பாதி மூடி வைக்கிறது. சூரிச் ஆய்வாளர்கள் 2017இல் இரும்பு குறைந்த இளம் பெண்களிலும், 2020இல் சோகை வந்துவிட்ட பெண்களிலும், ஒருநாள் இடைவெளி விட்டால் மாத்திரைக்கு மாத்திரை கூடுதலாக உறிஞ்சப்படுவதைக் காட்டினார்கள். இவரைப் போல ஃபெரிட்டின் 6 ஆன ஒருவரில் கதவு ஏற்கெனவே நன்றாகத் திறந்திருக்கும். ஆகவே பெரிய தடை தேத்தண்ணிதான் என்பது என் முடிவு. ஆனாலும் மாத்திரை குறைந்தால் குமட்டலும் குறையும், அதுவே பெரிய லாபம்.

நேரம்: எழுந்தவுடன், வெறும் வயிற்றில், தேசிக்காய் பிழிந்த தண்ணீரோடு. ஹெப்சிடின் காலையில் தாழ்ந்திருக்கும். தேத்தண்ணி ஒரு மணி நேரம் கழித்து. நாலரைக்கு எழுபவருக்கு ஐந்தரைக்குத் தேத்தண்ணி என்பது முடியாத காரியம் இல்லை.

பத்து மணித் தேத்தண்ணியை நான் தொடவில்லை. ஏற்றத்தில் நின்று கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கு அந்த இடைவேளையில் கிடைக்கும் சூடும் சீனியும் சும்மா இல்லை. அதை நிறுத்தச் சொல்லும் ஆலோசனை அன்றைக்கே செத்துவிடும். பகல் சாப்பாட்டை மட்டும் காப்பாற்றினோம்: சோற்றோடு தேத்தண்ணி வேண்டாம், தண்ணீர் குடியுங்கள். கீரையில் தேசிக்காய் விடுங்கள், முடிந்த நாளில் கொஞ்சம் நெத்தலி சேருங்கள். மீன் கொஞ்சமாக இருந்தாலும் அதே தட்டில் உள்ள பருப்பு, கீரையின் இரும்பையும் கூடுதலாக ஏற்றிவிடும். சாயங்காலத் தேத்தண்ணி வழமைபோல.

லூப்பை எடுக்க அவர் விரும்பவில்லை, அது அவருடைய முடிவு. அதிகமாகப் படும் முதல் நாட்களுக்கு, இரத்தப்போக்கைக் குறைக்கும் டிரனெக்சாமிக் அமிலம் கொடுத்தோம்.

பச்சரிசி ஆசை இரண்டாம் வாரத்திலேயே போய்விட்டது. ஹீமோகுளோபின் ஏறும் முன்பே இது மறைவது பலரில் நடப்பதுதான். நாலாவது வாரம் 10.3. மூன்றாம் மாதம் 12.1.

இங்கே இன்னொரு தவறு நடக்கப் பார்த்தது. பெண்களுக்கு 12 என்பது எல்லை, 12.1 வந்துவிட்டது, நிறுத்தலாம் என்று யாரும் நினைப்பார்கள். ஆனால் அந்த 12 கடல் மட்டத்துக்குப் போட்ட எல்லை. மலை உயரத்தில் ஒட்சிசன் குறைவதால் உடம்பு கூடுதல் ஹீமோகுளோபின் வைத்திருக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டியில், 1000 முதல் 1499 மீற்றர் வரை வாழ்பவர்களுக்கு 0.8 கழித்துப் பார்க்கச் சொல்கிறது, 1500 முதல் 1999 வரை 1.1. தலவாக்கலை உயரத்தில் 12.1 என்பது உண்மையில் 11.3. அதாவது அவருக்கு இன்னும் சோகைதான். நுவரெலியா நகரம் 1868 மீற்றரில் இருக்கிறது, அங்கே வித்தியாசம் இன்னும் பெரிது. கொழும்பில் அச்சடித்த ரிப்போர்ட்டில் சிவப்புக் குறி இல்லை என்பதற்காக மலையகத்தில் ஒருவரை விட்டுவிடக்கூடாது.

மேலும் மூன்று மாதம் தொடர்ந்தோம். முடிவில் 13.2, ஃபெரிட்டின் 38. இரும்புக் குறைபாடு இருக்கும்போது செய்தால் தலசீமியா சாயலைக் காட்டும் ஹீமோகுளோபின் ஏ2 பொய்யாகத் தாழ்ந்து காட்டலாம் என்பதால், அந்தப் பரிசோதனையை இதுவரை தள்ளி வைத்திருந்தோம். இப்போது செய்ததில் சாதாரணம். சேமிப்பு நிறைந்தவருக்குக் காரணமில்லாமல் இரும்பைக் கொடுத்துக்கொண்டே இருக்கவும் கூடாது, வெளியேற வழி இல்லாத பொருள் அது. ஆகவே மாத்திரையை நிறுத்திவிட்டு, ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஃபெரிட்டின் பார்ப்பதென்று முடிவாகியிருக்கிறது.

கிளினிக்கில் கர்ப்பிணித் தாய்மாருக்கு இரும்பு, ஃபோலிக் அமிலம், விற்றமின் சி, கல்சியம் எல்லாம் ஒரே பையில் போகின்றன. கல்சியமும் இரும்பு உறிஞ்சலைத் தடுப்பது. இரண்டையும் வெவ்வேறு நேரத்தில் போட வேண்டும் என்பதை மிட்வைஃப் மிஸ்மார் சொல்லத்தான் செய்கிறார்கள். ஆனால் ‘எதோடு விழுங்குகிறீர்கள்’ என்ற கேள்வியையும் அதோடு சேர்த்துக் கேட்டால் நல்லது. இரத்தம் ஏறவில்லை என்று வரும் எவரிடமும் நான் இப்போது முதலில் கேட்பது அதைத்தான்.

இவருடைய மூத்த மகளுக்கு 14 வயது. வயதுக்கு வந்து இரண்டு வருடம். காலையில் ரொட்டியும் தேத்தண்ணியும் குடித்துவிட்டுப் பள்ளிக்குப் போகிற பிள்ளை. “இவளையும் ஒருக்கா பாருங்க டொக்டர்” என்று தாயே கூட்டிவந்தார். ஹீமோகுளோபின் 12.4, உயரத்துக்குக் கழித்தால் 11.6. ஃபெரிட்டின் 11. மகளுக்கும் ஒருநாள் விட்டு ஒருநாள் மாத்திரை தொடங்கியிருக்கிறோம். மூன்று மாதத்தில் மறுபடி இரத்தம் பார்க்க வேண்டும்.